பின்னங்காலை இழுக்கிற நாய்: நகத்தை ஒருக்காப் பாருங்க

உவர்மலையில இருந்து ஒரு ஐயா 10 வயசு அல்சேஷன் ஒண்டை ஓட்டோவில ஏத்திக்கொண்டு வந்தவர். "வாதம் போல டொக்டர், மூண்டு மாசமா எண்ணெய் பூசுறம், பெனடோலும் குடுத்தனாங்கள்" எண்டார். (மனுசரின்ட நோ மருந்துகளை நீங்களா நாய்க்குக் குடுக்காதீங்க, ஈரல், கிட்னி எல்லாம் பழுதாப்போகும்.) சீமெந்துத் தரையில நடக்கவிட்டா பின்பக்கம் ஆடுது, கால் ரெண்டும் பின்னுது, சர் சர் எண்டு இழுபடுற சத்தம். தூக்கிப் பார்த்தா நடு விரல் ரெண்டின்ட நகமும் மேல்பக்கம் தேஞ்சு கிடக்கு. பாதத்தை மடிச்சுத் தரையில வச்சன், சுகமான நாய் எண்டா உடனே திருப்பி வைக்கும், இவர் அப்பிடியே நிண்டார். முதுகை அமத்தினா ஒரு முனகல் கூட இல்லை.

இப்பிடி நோ இல்லாமக் கிழமை கிழமையாக் கூடிக்கொண்டு வந்தா டீஜெனரேட்டிவ் மயலோபதியை நினைக்கவேணும். முதுகெலும்புக்குள்ள ஓடுற நரம்புத்தண்டு, அதான் முண்ணாண், மெல்ல மெல்லச் சிதையிற வருத்தம், பெரும்பாலும் 8 வயசுக்கு மேல. 2009 இல இதுக்குக் காரணமான எஸ்ஓடி1 மரபணு மாற்றத்தைக் கண்டுபிடிச்சினம், மனுசருக்கு வாற, தசைகளை இயக்கிற நரம்புகள் சிதையிற ஏஎல்எஸ் வருத்தத்தில சிலருக்கு இருக்கிற மாற்றமும் அதே மரபணுவிலதான்.

ஆனா அவசரப்பட்டு இந்தப் பேரை வைக்கக்கூடாது, எனக்கு இதிலதான் பயம். டிஸ்க் விலகினாலும், கட்டி இருந்தாலும், இடுப்பு மூட்டு தேஞ்சாலும் பார்வைக்கு இதே மாதிரித்தான் இருக்கும், அதுகளில சிலதுக்கு வைத்தியம் இருக்கு. எக்ஸ்ரேயில முண்ணாண் தெரியாது, எம்ஆர்ஐ போல ஸ்கேன் எடுத்து மற்றதுகளை ஒவ்வொண்டா விலக்கித்தான் இந்த முடிவுக்கு வரலாம், செத்தாப்பிறகு முண்ணாணை வெட்டிப் பார்த்தாத்தான் நூறு வீதம் உறுதி. மரபணு டெஸ்ட் ஆபத்து இருக்கெண்டு மட்டும்தான் சொல்லும். திடீரெண்டு எழும்ப ஏலாமப் போனா அது வேற கதை, அண்டைக்கே கொண்டு வாங்க.

மாத்துற மருந்து இல்லை, ஸ்டீரொய்ட் ஊசியும் உதவாது. உதவுறது அசைவு. 2006 இல வந்த ஒரு ஆய்வில நல்லாப் பிசியோதெரபி செய்த நாய்கள் சராசரி 255 நாள் இருந்துதுகள், செய்யாததுகள் 55 நாள். அதால கட்டிப்போட்டு "ரெஸ்ட்" குடுக்காம, ஒரு நாளைக்கு நாலைஞ்சு தரம் கொஞ்சம் கொஞ்சமா நடத்துங்க. உப்புவெளிக் கடல் அமைதியா இருக்கிற மே தொடக்கம் செப்டெம்பர் வரை, விடிய வெள்ளென நாயின்ட நெஞ்சளவு தண்ணியில வயித்துக்குக் கீழ துவாயைக் குடுத்துப் பிடிச்சு நடத்தலாம், பேந்து நல்ல தண்ணியில கழுவிவிடுங்க. வீட்டில மாபிள் தரை எண்டா சாக்கு விரியுங்க, வழுக்காது.

படுத்த படுக்கையானா இடுப்பெலும்பில புண் வரும், நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் புரட்டிவிடுங்க. மூத்திரம் சொட்டுச் சொட்டா வந்தா போகுது எண்டு நினைக்காதீங்க, மூத்திரப்பை நிரம்பி வழியுதாயும் இருக்கலாம், எப்பிடி அமத்தி எடுக்கிற எண்டு பக்கத்தில நிண்டு காட்டித் தாறன். அந்த ஐயா இரண்டாம் நாளே பழகிட்டார்.