பாபிகியூ என்றால் பரண்

போன மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம், வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குடியிருப்பின் மொட்டை மாடியில் மீன் சுட்டோம். பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. மச்சான் யாரிடமோ இரவல் வாங்கி வந்த கம்பித்தட்டு வைத்த அடுப்பு, இரண்டு பை சிரட்டைக்கரி, விடியப்புறம் பேலியகொடைக்குப் போய் வாங்கிய விளைமீன் ஒன்று, அரைக் கிலோ கணவாய், கொஞ்சம் இறால், அப்படியே மெனிங் சந்தையில் எட்டிப் பார்த்து அள்ளிய கத்தரிக்காயும் சோளமும். அம்மம்மா கதிரையைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தார்.

"உதுக்கு என்ன பேர் சொன்னனீங்கள்?"

"பாபிகியூ, அம்மம்மா."

"மீன் சுடுறதெண்டு சொல்லன்."

அம்மம்மா சொன்னதில் அரைவாசி சரி. மற்ற அரைவாசி கொஞ்சம் சிக்கலானது, அதைத்தான் இங்கே அவிழ்க்கப் பார்க்கிறேன்.

முதலில் எழுத்துக்கூட்டல். கொழும்பில் பலகைக்குப் பலகை வேறு: பார்பிக்யூ, பார்பெக்கியூ, பாபிகியூ, இடம் போதாவிட்டால் பி.பி.கியூ. தமிழ்நாட்டில் 'ர்' போட்டு எழுதுவார்கள், நாங்கள் பேசும் ஆங்கிலத்தில் அந்த ர் வாயில் வருவதில்லை, ஆகவே நான் 'பாபிகியூ' என்றே எழுதுகிறேன். இன்னொன்று, ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'கியூ' என்ற எழுத்தே கிடையாது. கடைசியில் வருவது சி, யு, இ. காதில் விழுந்ததைச் சுருக்கி பி.பி.கியூ என்று எழுதப்போய் அது உள்ளே வந்து குந்திக்கொண்டது.

இனி வேர். 1492இல் கொலம்பஸ் போய் இறங்கிய கரீபியன் தீவுகளில் வாழ்ந்தவர்கள் தைனோ மக்கள். நிலத்தில் கால்கள் நட்டு, மேலே குச்சிகளை அடுக்கிக் கட்டிய மேடையை அவர்கள் 'பார்பகோவா' என்றார்கள். கவனியுங்கள், சமைப்பதற்கு அல்ல, மேடைக்குத்தான் அந்தப் பெயர். அதன்மேல் படுப்பார்கள், தானியம் வைப்பார்கள், கீழே நெருப்பு மூட்டி மேலே இறைச்சியும் மீனும் பரப்பினால் அதுவே சமையல் மேடை. ஸ்பானியர் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒவியேதோ என்ற ஸ்பானிய வரலாற்றாசிரியர் 1526இலேயே அதை எழுதிவிட்டார்.

அந்த ஒவியேதோ இன்னொன்றும் எழுதியிருக்கிறார், அதைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சோளம் விளைந்த வயல்களில் குச்சியாலும் நாணலாலும் மேடை கட்டி, மழைக்கும் வெயிலுக்கும் மேலே கூரை வேய்ந்து, அதில் சிறுவர்களை ஏற்றி விடுவார்களாம். அவர்களுக்கு என்ன வேலை? நாள் முழுக்கக் கத்திக் கிளிகளைத் துரத்துவது. அந்த மேடைக்கும் பெயர் பார்பகோவா.

தமிழ் படித்தவர் எவருக்கும் இது எங்கே போய்த் தொடுகிறது என்று சொல்லத் தேவையில்லை. தினைப்புனம், கிளியைக் கடிந்து விரட்டுதல், பரண். சங்கப் பாட்டில் இதணம் என்று வருவதும் இதுதான். கதிர்காமத்து வள்ளி ஏறி நின்று ஆலோலம் பாடினாளே, அந்தப் பரணை ஒரு தைனோச் சிறுவனுக்குக் காட்டியிருந்தால் 'பார்பகோவா' என்றுதான் சொல்லியிருப்பான். இரண்டு மொழிக்கும் உறவு இருக்கிறது என்று யாரும் கிளம்ப வேண்டாம், அப்படி ஒன்றும் இல்லை. கிளி எங்கேயும் கிளிதான், பயிரைக் காக்க உயரத்தில் ஏற வேண்டும் என்று எவருக்கும் தோன்றும், அவ்வளவுதான். ஆனாலும் பாபிகியூ என்ற சொல்லுக்குச் சொல்லாகத் தமிழ் கேட்டால் விடை சுடுவதும் அல்ல, வாட்டுவதும் அல்ல, பரண்.

பிறகு எப்படி அது சாப்பாடானது? மெதுவாகத்தான். டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697இல் வெளியிட்ட பயண நூலில், தரையிலிருந்து 3 அடி உயரக் குச்சிப் பரண்களில் இரவு படுத்ததாக எழுதும்போது இதே சொல்லைத்தான் போடுகிறார். ஆக அன்றைக்கு பாபிகியூவில் படுத்தது மனிதன். 1755இல் வந்த ஜோன்சனின் ஆங்கில அகராதியில் அது வினைச்சொல்லாகிவிட்டது: மேற்கிந்தியத் தீவுகளில் ஒரு முழுப் பன்றியைப் பிளந்து பெரிய இரும்புத் தட்டியில் கிடத்திச் சுடுவது. 1769இல் ஜோர்ஜ் வாஷிங்டன் தன் நாட்குறிப்பில் ஒரு பாபிகியூவுக்குப் போனதாக எழுதுகிறார், அங்கே அது விருந்து, கூட்டம். ஜமைக்காவில் கோப்பிக்கொட்டை காயப்போடும் தளத்துக்கும் இதே பெயர், எங்கள் ஊரில் களம் என்போமே, அதேதான். பரண், சுடுதல், விருந்து, களம் என்று ஒரே சொல் நாலு வீட்டில் வாழ்ந்திருக்கிறது.

பிரெஞ்சில் 'தாடியிலிருந்து வால் வரை' என்று பொருள்படும் ஒரு சொற்றொடரிலிருந்து இது வந்தது, முழு மிருகத்தையும் கம்பியில் கோர்ப்பதால் அந்தப் பெயர் என்று ஒரு கதை இன்னும் உலாவுகிறது. அகராதிக்காரர்கள் அதை எப்போதோ தள்ளிவிட்டார்கள். கொம்பனித்தெரு மலாய்க்காரர்கள் குச்சியில் கோர்த்துச் சுடும் இறைச்சியான சாத்தே நம்முடைய 'சதை'தான் என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. ஒலி ஒத்துப்போனால் நமக்கெல்லாம் ஒரு சந்தோஷம்.

அப்புறம் கிறில். இதன் இலத்தீன் மூலம் பின்னிய தட்டியைக் குறிப்பது. கொழும்பில் யன்னலுக்குக் 'கிறில்' அடிக்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். வேடிக்கை என்னவென்றால் ஆங்கிலத்தில் இரண்டு சொல்லுமே நெருப்பைப் பற்றிப் பேசவில்லை. ஒன்று பரண், மற்றது தட்டி. அமெரிக்காவின் தென் மாநிலத்தவரைக் கேட்டால் இரண்டையும் கலக்கவே விடமாட்டார்: மூடிய அடுப்பில் குறைந்த சூட்டில் புகையோடு மணிக்கணக்காகக் கிடப்பதுதான் பாபிகியூ, தணலுக்கு நேர் மேலே கொஞ்ச நேரத்தில் முடிவது கிறில். அந்தக் கணக்கில் நாங்கள் மொட்டை மாடியில் செய்தது பாபிகியூவே அல்ல.

தமிழ் பார்ப்பது தட்டியை அல்ல, நெருப்பை. சூடு எப்படிப் படுகிறது என்பதை வைத்துப் பெயர் சொல்லும் மொழி இது. சுடு, வாட்டு, வெதுப்பு, வதக்கு, வறு, பொசுக்கு, ஒவ்வொன்றும் தனி வேலை. இறாலைச் சுற்ற வாழையிலையை முதலில் தணலுக்கு மேலே பிடித்தோம். கரும்பச்சையாகி, பளபளத்து, துணி போல மடங்க வந்தது. அது வாட்டுதல், சூடு பட வேண்டும், பொருள் வேகக் கூடாது. அதே இலைக்குள் இறாலைப் பொதிந்து கம்பித்தட்டில் வைத்தால் அது சுடுதல். கத்தரிக்காயைத் தோல் கருகும்வரை தணலுக்குள்ளேயே போட்டோம், அதுவும் சுடுதல்தான், ஆனால் நேரம் தப்பினால் பொசுக்கிவிட்டாய் என்பார்கள்.

விளைமீனில்தான் என் மானம் போனது. சுவாலை எழும்பிக்கொண்டிருக்கும்போதே மீனை வைத்து, மூன்று நிமிடத்தில் திருப்பப் பார்த்தேன். தோல் முழுக்கக் கம்பியில் ஒட்டிக்கொண்டு, வெளியே கருகல், உள்ளே பச்சை. அம்மம்மா கதிரையில் இருந்தபடியே "தணல் வெளுக்கட்டும் பிள்ளை" என்றார். நீறு பூத்த நெருப்பு என்று நாம் மனிதர்களின் கோபத்துக்குச் சொல்வோமே, கரியடுப்புக்கு வேண்டியது அதே பதம்தான். மேலே வெள்ளைச் சாம்பல், உள்ளே சிவப்பு, சுவாலை இல்லை. மீனின் ஈரத்தைத் துடைத்து, கம்பியில் எண்ணெய் தடவி, அசைக்காமல் விட்டால் தோல் முறுகித் தானாகவே கம்பியை விடும். விடாவிட்டால் இன்னும் நேரமாகவில்லை என்று அர்த்தம். தேசிக்காய்ப்புளியை மீனில் முன்கூட்டியே ஊறவிடாமல் கடைசியில் விட்டோம், புளி கன நேரம் நின்றால் சதை வெளுத்து இறுகிவிடும்.

இந்தச் சுடுதல் நமக்கு நேற்றைய விஷயமில்லை. பொருநராற்றுப்படையில், கரிகாலன் வீட்டு விருந்தில், 'காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை' வருகிறது. காழ் என்றால் இரும்புக் கம்பி. கம்பியில் கோர்த்துச் சுட்ட கொழுத்த இறைச்சித் துண்டு, அதைச் சூடு பொறுக்காமல் வாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒற்றி ஒற்றித் தின்றார்களாம். எங்கள் மாடியில் முதல் கணவாய்த் துண்டை வாயில் போட்ட மச்சான் செய்ததும் அதே.

சரி, எதை எங்கே போடுவது? செயலுக்கு சுடுதல், சந்தேகமே வேண்டாம். தட்டுக்குக் கம்பித்தட்டி, அடுப்புக்குக் கரியடுப்பு அல்லது தணலடுப்பு. உணவுக்குத் 'தணலில் சுட்ட மீன்' என்று எழுதினால் வாசிக்கும்போதே வாயூறும், 'கிறில்ட் பிஷ்' என்று தமிழ் எழுத்தில் எழுதினால் எனக்கு ஒன்றும் ஊறுவதில்லை. கஷ்டம் விருந்துக்குத்தான். 'சூட்டு விருந்து' என்று யாரோ அச்சடித்த அழைப்பு ஒன்றைப் பார்த்தேன். எங்கள் பத்திரிகைத் தமிழில் சூடு என்றாலே துப்பாக்கிதான் முதலில் நினைவுக்கு வரும், வயல் பக்கத்தவருக்கு அது நெற்சூடு, அடித்து மிதிப்பது. இரண்டுமே விருந்துக்கு ஆகாது. 'திறந்தவெளிச் சமையல்' என்றால் கோயில் அன்னதானக் கிடாரம் கண்ணுக்குள் வருகிறது.

என் விருப்பம் தணல் விருந்து. நிலைக்குமா என்றால், யாழ்ப்பாணத்தில் வெதுப்பகம் என்ற சொல் பலகைகளில் ஏறி நிலைத்துவிட்டது, அதே சொல் கொழும்புக்கு வந்தால் பேக்கரி ஆகிவிடுகிறது. வெள்ளவத்தையில் தணல் விருந்துக்கும் அந்தக் கதிதான் என்று நினைக்கிறேன். பாபிகியூ என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அது ஆங்கிலேயனுக்கும் இரவல் சொல்தானே.

அடுத்த தடவைக்கான செய்தியைக் குடும்பக் குழுவில் அம்மம்மா சொல்லச் சொல்ல நான்தான் தட்டினேன்: "வாற ஞாயிறு பின்னேரம் மீன் சுடுறம், எல்லாரும் வாங்கோ." ஐந்து நிமிடத்தில் தெஹிவளைச் சித்தியிடமிருந்து பதில் வந்தது: "பாபிகியூவோ? கரி நான் கொண்டுவாறன்."