முயல் காது தெரிந்த இ.சி.ஜி.

அல்சூரில் இருக்கும் சித்தப்பா போன மாதம் மாஸ்டர் செக்கப் போய்வந்தார். இ.சி.ஜி. தாளின் மேல் ஓரத்தில் 'அப்நார்மல்' என்று மெஷினே அடித்துக் கொடுத்துவிட்டது. சித்திக்கு அன்று தூக்கமில்லை. இ.சி.ஜி. எடுப்பதுதான் என் வேலை என்பதால் ராத்திரியே வாட்ஸ்அப்பில் படம் வந்தது.

தாள் நொடிக்கு 25 மி.மீ. ஓடுகிறது, ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி. முதலில் வரும் சின்ன மேடு 'பி': மேலறைகளில் மின்சாரம் பரவுகிறது. அடுத்து ஊசிபோல எழும் 'க்யூஆர்எஸ்': கீழறைகளின் முறை. கடைசி மேடு 'டி': கீழறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராகின்றன.

சித்தப்பாவுக்கு அந்த ஊசிதான் அகலமாக இருந்தது. கீழறைகளுக்குப் போகும் மின்பாதை இடம், வலம் என்று இரண்டாகப் பிரியும். இரண்டும் சரியாக இருந்தால் மூன்று சின்னக் கட்டத்துக்குள் வேலை முடிந்துவிடும். வலது கிளை அடைபட்டால் மின்சாரம் முதலில் இடது பக்கம் போய், அங்கிருந்து தசை வழியாக மெதுவாக வலது பக்கம் ஊர்ந்து வர வேண்டும். ஓல்டு மெட்ராஸ் ரோடு அடைபட்டால் சந்துகளில் புகுந்து வீடு சேருவதில்லையா, அதுபோலத்தான். வந்து சேரும், லேட்டாக. அந்தத் தாமதம்தான் நெஞ்சில் மாட்டும் 'வி1' ஒயரின் கோட்டில் முயல் காதுபோல இரண்டாவது கூர்முனையாக விழுகிறது.

வலது கிளைத் தடை நல்ல ஆரோக்கியமானவர்களிடமும் தென்படும். இடது கிளை அப்படியல்ல. அதன் பின்னால் பெரும்பாலும் நாள்பட்ட பி.பி.யோ, வால்வு கோளாறோ, பழைய மாரடைப்போ இருக்கும். அதனால் இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ எடுக்கச் சொல்வார்கள்.

ஊசிக்கும் 'டி'க்கும் நடுவிலுள்ள கோடு நெஞ்சுவலியோடு மேலே தூக்கியிருந்தால் யோசிக்க நேரமில்லை, ரத்தக்குழாய் அப்போதே அடைபட்டிருக்கலாம். அதே தூக்கல் சில இளைஞர்களுக்கு இயல்பாகவே இருக்கும். ஊசிக்கு முன்னால் ஆழமான, அகலமான பள்ளம் இருந்தால் செத்துப்போன தசையின் தழும்பாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளில் சிலருக்கு வலியே தெரியாமல் மாரடைப்பு வந்துபோயிருக்கும். (கை ஒயர்களை மாற்றி மாட்டினாலும் கோடு தலைகீழாகும். நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன்.)

அப்புறம், 'நார்மல்' என்று வந்தால் ரத்தக்குழாயில் அடைப்பே இல்லை என்றும் அர்த்தமில்லை. படுக்க வைத்துப் பத்து நொடி எடுப்பது அது. பாதி சுருங்கிய குழாய்க்கு அந்த ஓய்வு நேரத்தில் ரத்தம் போதுமானதாக இருக்கும். மாடி ஏறும்போதுதான் பற்றாது.

சரி, சித்தப்பாவின் முயல் காது புதிதா, பழசா? டாக்டரின் முதல் கேள்வியும் அதுதான். பழைய இ.சி.ஜி. ஒன்று இருந்தால் பத்து நிமிடத்தில் பாதி விடை கிடைத்துவிடும். இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்து வைத்திருந்தார். சூடு பட்டால் கறுக்கும் தெர்மல் தாள் அது. பீரோவிலிருந்து எடுத்தால் ஒரு கோடுகூடத் தெரியவில்லை, முழுசும் கறுப்பு. எக்கோவுக்கு வியாழக்கிழமை நேரம் கொடுத்திருக்கிறார்கள்.