ஓப்பன் ஆக்சஸ்: தமிழில் என்ன சொல்வது?

பழைய வண்ணாரப்பேட்டையில், டி.எச். ரோட்டை ஒட்டி நான் வழக்கமாகப் போகும் ஜெராக்ஸ் கடையில் தீசிஸ் பைண்டிங்கும் உண்டு. ரெக்சின் அட்டை, அதன்மேல் தங்க எழுத்து. போன மாதம் அங்கே ஒரு மாணவி, "அண்ணா, சோத்கங்காவுக்கு சாஃப்ட் காப்பி குடுக்கணும், சாப்டர் சாப்டரா தனித்தனி பி.டி.எஃப். போட்டுடுங்க" என்றார். நகல் எடுக்கப் பின்னால் நின்ற எண்ணூர்ப் பெரியவர் சும்மா இருக்கவில்லை. "இன்னாம்மா, சோத்துக்குக்கூடவா கங்கை?"

கடையே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவர் இன்னொன்று கேட்டார். "எங்க முகத்துவாரத்துல பசங்க வந்து பாட்டில்ல தண்ணி மொண்டுகினு போவாங்க. அது இன்னா ஆச்சுன்னு அதுல போட்டிருக்குமா?"

போட்டிருக்கும். சோத்கங்கா என்பது நம் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் இணையதளம், அதில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துப் படிக்கலாம். இந்த ஏற்பாட்டுக்கு ஓப்பன் ஆக்சஸ் என்று பெயர். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதில்தான் இன்னும் குழப்பம்.

முதலில் தீசிஸ். கிரேக்கத்தில் இதற்கு 'வைத்தல்' என்று பொருள். 'இதுதான் என் கருத்து' என்று சபை நடுவே வைப்பது. நன்னூல் சொல்லும் ஏழு மதங்களில் (மதம் என்றால் இங்கே கொள்கை) 'தான் நாட்டித் தனாது நிறுப்பு' என்று ஒன்று உண்டு. தானாக ஒரு கருத்தை நட்டு, அதை நிலைநாட்டுவது. கிரேக்கர் 'வைத்ததை' நாம் 'நட்டிருக்கிறோம்', அவ்வளவுதான். ஆனால் வழக்கில் நிலைத்த சொல் ஆய்வேடு. அதில் எனக்குக் குறையில்லை.

ஏனென்றால் 'ஆய்' அருமையான வேர். கீரை ஆய்வது என்று வீட்டில் சொல்கிறோமே, அதே ஆய்தான். பழுத்தது, பூச்சி அரித்தது, நார், வேர் எல்லாம் கழித்து வேண்டியதை மட்டும் பொறுக்குவது. தொல்காப்பிய உரியியல் 'ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய்' ஆகிய நான்குக்கும் 'உள்ளதன் நுணுக்கம்' என்று பொருள் தருகிறது. புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, இருப்பதையே நுணுக்குவது. 'ஆய்ந்தாய்ந்து கொள்ளாதான் கேண்மை' என்று வள்ளுவர் நட்பைக்கூட ஆயச் சொல்கிறார்.

சோத்கங்காவில் உள்ள 'சோத்' சமஸ்கிருதம். சுத்தப்படுத்துவது என்பது அதன் அடிப்பொருள், ஆராய்ச்சி என்பது அதிலிருந்து வந்தது. நாம் சொல்லும் சோதனை, பரிசோதனை எல்லாம் அதே வேரில் வந்தவைதான். கீரையை ஆய்ந்தாலும் சரி, சோத் செய்தாலும் சரி, வேலை கழித்துக் கட்டுவதுதான். பெரியவரின் சோறு சொற்பிறப்பியலில் தேறாது. ஆனால் அவர் அடுப்படிக்குப் பக்கத்தில்தான் நின்றார்.

சோத்கங்காவை நடத்துவது குஜராத்தின் காந்திநகரில் உள்ள, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃபிலிப்நெட் மையம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறை, பட்டம் பெற்ற ஆய்வேட்டின் மின்பிரதியைக் கொடுத்தாக வேண்டும் என்றது. அதுவரை ஆய்வேடு என்றால் துறை நூலகத்துக் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடப்பதுதான். இன்றைக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்டவை அங்கே சேர்ந்திருக்கின்றன.

சரி, ஆக்சஸ். லத்தீனில் 'கிட்டே போதல்'. அதனால் 'அணுகு' என்பது சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. சிக்கல் அதன் வால்பகுதியில். பலர் 'திறந்த அணுக்கம்' என்று எழுதுகிறார்கள். அணுக்கம் என்பது நெருக்கம், அணுக்கத் தொண்டர் என்றால் கூடவே இருக்கும் தொண்டர். தஞ்சைப் பெரிய கோயிலில் திருவணுக்கன் திருவாயில் என்று ஒன்று இருக்கிறது. பெயரே சொல்கிறது, அது நெருக்கமானவர்களின் வாசல். எல்லோருக்கும் என்று ஆரம்பித்த ஒன்றுக்கு வேண்டியவர்களின் வாசற்பெயரை வைப்பது எனக்கு ஒட்டவில்லை. அணுகல் என்றால் கிட்டே போகிற செயல் மட்டும். அது போதும்.

'திறந்த' என்பதும் எனக்கு இடிக்கிறது. கதவு திறந்திருக்கும், அணுகல் எப்படித் திறந்திருக்கும்? போதாததற்கு, திறந்த வீட்டில் நாய் நுழைந்த கதையாக என்ற பழமொழி வேறு நாக்கு நுனியில் நிற்கிறது.

'கட்டற்ற' என்று சொல்வோரும் உண்டு. தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் கட்டற்ற கலைக்களஞ்சியம் என்றே சொல்லிக்கொள்கிறது. நல்ல சொல், ஆனால் அவசரத்தில் படிப்பவர் கட்டணமற்ற என்று படித்துவிடுகிறார். இரண்டும் ஒன்றல்ல. கட்டணமற்றது என்றால் காசு இல்லாமல் படிக்கலாம், அவ்வளவுதான். கட்டற்றது என்றால் நகல் எடுத்துப் பத்துப் பேருக்குக் கொடுக்கலாம், தன் வேலைக்குப் பயன்படுத்தலாம், எழுதியவர் பெயரை மட்டும் மறைக்கக் கூடாது.

இந்த வேறுபாட்டை எழுதி வைத்தது, ஓப்பன் ஆக்சஸ் என்றால் என்ன என்று வரையறுத்த புடாபெஸ்ட் அறிக்கை. 2001 டிசம்பரில் அங்கே கூடியவர்கள் 2002 பிப்ரவரி 14 அன்று அதை வெளியிட்டார்கள். காதலர் தினத்தில் வேறு வேலை இல்லை போலும். பணத்தடை, சட்டத்தடை, தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லாமல் ஆய்வுக் கட்டுரைகள் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். விளக்கத்துக்குள்ளேயே 'தடை' உட்கார்ந்திருக்கிறது. நமக்கும் அது புதுச்சொல் இல்லை. தாலுகா ஆபீஸ் படியேறிய யாருக்கும் தடையில்லாச் சான்று தெரியும். அதனால் என் தேர்வு தடையில்லா அணுகல்.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டால் இன்னொரு வசதி, எது ஓப்பன் ஆக்சஸ் இல்லை என்பதும் தெளிவாகிவிடுகிறது. ஆய்வு இதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள். இவை அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் மத்திய அரசு ஆய்வகங்களிலும் இருப்பவர்களுக்குக் கிடைக்கும். மாணவர்களுக்குப் பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் பெயரே சந்தா. எண்ணூர்ப் பெரியவர் எந்த நிறுவனத்திலும் இல்லை. எழுதியவரிடமே பணம் வாங்கிக்கொண்டு வாசகருக்குத் திறந்துவிடும் இதழ்களும் உண்டு. அங்கே தடை நீங்கவில்லை, பின்வாசலுக்கு மாறியிருக்கிறது.

தொழில்நுட்பத் தடை என்றால் ஏதோ பெரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். பழைய தமிழ் ஆய்வேடுகள் பல யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சானவை, இல்லையென்றால் ஸ்கேன் செய்த படங்கள், இரண்டிலும் சொல்லைத் தேடினால் சிக்காது. கடற்கரைச் சொற்களைப் பற்றிய ஒன்றை இறக்கி 'வலை' என்று தேடிப் பார்த்தேன். ஒரு இடம்கூடக் காட்டவில்லை. பக்கத்துக்குப் பக்கம் வலைதான்.

அப்புறம், பெரியவர் கேட்டதைத் தேடினேன். எண்ணூர்க் கழிமுகத்து நீரிலும் சேற்றிலும் உள்ள உலோகங்களைப் பற்றி ஓர் இதழ்க் கட்டுரை இருந்தது, படிக்க டாலரில் காசு கேட்டது. அதே பொருளில் ஓர் ஆய்வேடு சோத்கங்காவில் முழுசாகக் கிடந்தது, இலவசமாக. அவர் பேரன் எண்ணுக்கு அனுப்பிவைத்தேன். மறுநாள் பெரியவரே போன் செய்தார். "பையன் தொறந்து காட்டினான்பா. எல்லாம் இங்கிலீஷ்ல கீது. நீ வந்து படிச்சுச் சொல்றியா?"

புடாபெஸ்ட் பட்டியலில் மொழித்தடை இல்லை. ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் போகிறேன்.