ஜெபமாலையும் பத்து விநாடி மூச்சும்

பினாங்கு ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில், அதிகாலைப் பாங்கு ஒலி அடங்கிய சிறிது நேரத்தில் பாட்டி சுவாமி அறையில் விளக்கேற்றிவிட்டு ருத்திராட்ச மாலையைக் கையில் எடுப்பார். நடுவிரலின் மேல் மாலை தொங்கும். கட்டைவிரல் ஒவ்வொரு மணியாகத் தன் பக்கம் இழுக்கும். சுட்டுவிரல் மட்டும் மாலையில் படாமல் விலகி நிற்கும். ‘ஓம் நமசிவாய’ என்று உதடுகள் அசைவது தெரியும். அருகில் சென்றால்தான் குரல் கேட்கும். 108 மணிகள் கொண்ட ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஒன்பது நிமிடம் ஆகும். பள்ளிப் பேருந்துக்காகக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த ஒன்பது நிமிடம் பெரிதாக மாறாமல் இருந்தது வியப்பாக இருந்தது. பாட்டியோ கடிகாரத்தைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அவருக்கு நேரம் சொல்லிக்கொண்டிருந்தது அவருடைய மூச்சு என்பதைப் பல ஆண்டுகள் கழித்து உடலியங்கியல் படித்தபோதுதான் புரிந்துகொண்டேன்.

சும்மா இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை வரை மூச்சு விடுகிறோம். பேசும்போது இந்தக் கணக்கு மாறுகிறது. குரல் வெளியே செல்லும் காற்றில்தான் பிறக்கிறது என்பதால், பேசுகிறவர் சட்டென்று மூச்சை இழுத்து, நீளமாக விட வேண்டியிருக்கிறது. எந்தச் சொல்லைப் பேசினாலும் இது நடக்கும். ஆனால் உரையாடலில் வாக்கியங்களின் நீளம் மாறிக்கொண்டே இருப்பதால் மூச்சுக்கு ஒரு சீர் அமைவதில்லை. மந்திரம் அப்படியில்லை. ஒரே நீளமுள்ள சொல் மீண்டும் மீண்டும் வருவதால் மூச்சும் அதே அளவில் வெட்டப்பட்டதுபோல் ஒழுங்காகிவிடுகிறது. நிதானமாகச் சொன்னால் ‘ஓம் நமசிவாய’ மூன்று விநாடிக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். ஒரு மூச்சில் இரண்டு முறை சொல்லி, மீதி நேரத்தில் காற்றை இழுத்தால் ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி. அதாவது நிமிடத்துக்கு ஆறு மூச்சு. 108 மந்திரத்துக்கு 54 மூச்சு, 540 விநாடி, ஒன்பது நிமிடம். பாட்டியின் கணக்கு இதுதான்.

இந்தப் பத்து விநாடிக்கு உடலுக்குள் ஒரு தனி இடம் இருக்கிறது. கழுத்தில் மூளைக்குச் செல்லும் தமனியிலும், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும் இரத்த அழுத்தத்தை அளக்கும் உணரிகள் அமைந்திருக்கின்றன. அழுத்தம் ஏறினால் அவை மூளைத் தண்டுக்குச் செய்தி அனுப்ப, மூளைத் தண்டு தன்னிடமிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத்தை மெதுவாக்குகிறது, குழாய்களைச் சுருக்கிவைக்கும் பரிவு நரம்புகளின் பிடியைத் தளர்த்தி இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. இதயம் இந்த ஆணைக்கு உடனே கீழ்ப்படிகிறது. இரத்தக் குழாய்களோ சில விநாடிகள் தாமதிக்கின்றன. திருத்தம் வந்து சேரும்போது அழுத்தம் ஏற்கெனவே மறுபக்கம் சாயத் தொடங்கியிருப்பதால், மீண்டும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. இவ்வாறு இரத்த அழுத்தம் ஏறத்தாழப் பத்து விநாடிக்கு ஒருமுறை தானாகவே மெல்ல ஏறி இறங்குகிறது. 1876இல் சிக்மண்ட் மேயர் என்ற உடலியங்கியலாளர் விவரித்த இந்த அலைக்கு இன்றும் அவர் பெயர்தான் வழங்குகிறது.

இதோடு இன்னொரு அசைவும் உண்டு. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமெடுக்கிறது; விடும்போது வேகஸ் நரம்பின் பிடி இறுகி, துடிப்பு மெதுவாகிறது. சாதாரண மூச்சில் இந்த ஏற்ற இறக்கமும் அழுத்தத்தின் அலையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே நடக்கின்றன. மூச்சு பத்து விநாடிக்கு வந்துவிட்டால் இரண்டும் ஒரே தாளத்தில் சேர்ந்துவிடுகின்றன. ஊஞ்சல் போய்த் திரும்பும் அந்தத் தருணத்தில் மட்டும் தள்ளிவிட்டால், சிறு விசைக்கே அது உயரப் போகிறதல்லவா? மூச்சு இங்கே தள்ளும் கையாகிறது. இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் பெரிதாகிறது. அழுத்தத்தைச் சமன்செய்யும் அனிச்சைச் செயலுக்கும் கூர்மை கூடுகிறது.

இதை மந்திரத்தை வைத்தே அளந்து பார்த்தவர்கள் இத்தாலியைச் சேர்ந்த லூச்சியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும். 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான அவர்களுடைய ஆய்வில், நலமாக இருந்த 23 பேர் கத்தோலிக்கச் செபமாலையின் மரியன்னை மன்றாட்டை இலத்தீன் மொழியிலும், ‘ஓம் மணி பத்மே ஓம்’ என்ற மந்திரத்தையும் ஓதினார்கள். இரண்டு ஓதலிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. அழுத்தத்தைச் சமன்செய்யும் அனிச்சைச் செயலின் கூர்மையைக் காட்டும் அளவு, அதாவது அழுத்தம் ஏறும்போது இதயத் துடிப்புகளின் இடைவெளி எவ்வளவு நீள்கிறது என்பது, ஒரு மில்லிமீட்டர் பாதரசத்துக்கு 9.5 மில்லிவிநாடியிலிருந்து 11.5 மில்லிவிநாடியாக உயர்ந்தது. 23 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஓதும் நேரத்தில் காணப்பட்ட மாற்றம் மட்டுமே இதில் அளக்கப்பட்டது. இதை நம்பி யாரும் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ஆனாலும், வெவ்வேறு கண்டங்களில், வெவ்வேறு மொழிகளில் உருவான இரண்டு ஓதல்கள் உடலை ஒரே தாளத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தன என்பது என்னை இன்றும் நெகிழ வைக்கிறது.

பினாங்கில் வாழ்கிறவர்களுக்கு இது புத்தகச் செய்தி மட்டுமன்று. மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலையில் கால்மணி நேரம் நடந்தால், பள்ளிவாசலில் தஸ்பீஹ் மணி உருட்டும் பெரியவரையும், குவான் யின் கோயிலில் மரமணி மாலையுடன் நிற்கும் சீன மூதாட்டியையும், மகாமாரியம்மன் கோயிலில் ருத்திராட்சம் அணிந்தவரையும் பார்த்துவிடலாம். தஸ்பீஹில் 33 அல்லது 99 மணிகள், பௌத்த மாலையில் நம்முடையதைப் போலவே 108, கத்தோலிக்க மாலையில் 59. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத்துக்குச் செல்லும் தமிழ்க் கத்தோலிக்கர்கள் அதைச் ‘செபமாலை’ என்கிறார்கள். நம் ‘ஜெபம்’தான் அங்கே ‘செபம்’ ஆகியிருக்கிறது.

மூச்சைச் சீராக்க மந்திரம் போதும் என்றால் மாலை எதற்கு? இதற்கான விடை மனத்தின் ஒரு குறைபாட்டில் இருக்கிறது. ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் ஆகிய உளவியலாளர்கள் இருவரும் 1974இல் முன்வைத்த கருத்துப்படி, நம் தற்காலிக நினைவில் சொற்களைச் சில விநாடிகள் மட்டும் தாங்கும் ஒரு பகுதி இருக்கிறது. உள்ளுக்குள் மீண்டும் மீண்டும் சொல்லிப் பார்ப்பதால்தான் சொற்கள் அங்கே தங்குகின்றன. தொலைபேசி எண்ணை எழுதுவதற்குத் தாள் கிடைக்கும்வரை முணுமுணுத்துக்கொண்டிருப்போமே, அந்த இடம்தான் அது. அதில் ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டங்களுக்கு இடமில்லை. ‘நமசிவாய’ என்று சொல்லிக்கொண்டே மனத்துக்குள் ‘முப்பத்தேழு, முப்பத்தெட்டு’ என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடும். எண்ணும் வேலையைச் சொல்லிடமிருந்து பிரித்து விரலிடம் ஒப்படைத்தவர் யாராக இருந்தாலும் மனத்தை மிக நுட்பமாகக் கவனித்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அந்தச் சிறிய இடம் மந்திரத்தால் நிறைந்துவிடுவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. நம் கவலைகளில் பெரும்பகுதி சொல் வடிவில்தான் வருகிறது. வீட்டுக் கடன் தவணை, நேற்று மேலாளர் சொன்ன ஒரு வார்த்தை, அதற்கு நாம் சொல்லாமல் விட்ட பதில் என எல்லாம் உள்ளுக்குள் பேச்சாகவே ஓடுகின்றன. பேச்சின் பாதை மந்திரத்திடம் இருக்கும்போது கவலைக்கு வாய் கிடைப்பதில்லை. இஸ்ரேலில் நடந்து 2015இல் வெளியான ஒரு மூளை வருடி ஆய்வில், தியானப் பழக்கம் இல்லாதவர்களிடம் ‘ஒன்று’ எனப் பொருள்படும் ஓர் ஹீப்ரு சொல்லை வாய்விடாமல் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். சும்மா இருக்கும்போது தன்னைப் பற்றியே எண்ணி அலையும் மூளைப் பகுதிகள் உட்பட, மூளைப் புறணியின் பரந்த பகுதியில் செயல்பாடு தணிந்தது. ஆய்வாளர்கள் இதற்கு மந்திர விளைவு என்றே பெயரிட்டார்கள்.

ஆக, ஜெபத்துக்குள் இரண்டு வழிகள் வேலை செய்கின்றன. மூச்சின் வழிக்குக் குரல் தேவை. பேச்சின் வழிக்குக் குரல் தேவையில்லை. நம் மரபு ஜெபத்தை வாசிகம், உபாம்சு, மானசம் என்று மூன்றாகப் பிரித்து, வாய்விட்டுச் சொல்வதைவிட முணுமுணுப்பையும், அதைவிட மனத்துக்குள் சொல்வதையும் உயர்வாக வைக்கிறது. மானச ஜெபத்தில் மூச்சைக் கட்டிப்போடக் குரல் இல்லாததால், புதிதாகத் தொடங்குகிறவருடைய மூச்சு பழைய வேகத்துக்கே திரும்பிவிடும், மனமும் நழுவும். வாயும் மூச்சும் பல காலம் பழகிய பிறகே அது கைகூடும். எனவே அந்த வரிசையை நான் தரவரிசையாகப் பார்ப்பதில்லை, பயிற்சியின் படிகளாகவே பார்க்கிறேன். மெல்லிய குரலில் தொடங்குவதே நல்லது. ஓங்காரத்தின் ‘ம்’ ஒலியை மூக்கில் அதிரவிட்டால் இன்னொன்றும் நிகழ்கிறது: ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் 2002இல் அளந்தபோது, அமைதியாக மூச்சுவிடுவதைக் காட்டிலும் ‘ம்ம்’ என்று இசைக்கும்போது மூக்கிலிருந்து வெளியேறும் நைட்ரிக் ஆக்சைடு 15 மடங்கு அதிகமாக இருந்தது. மூக்கை அடுத்த எலும்புக் குழிகளில் தேங்கியிருக்கும் காற்றை அந்த அதிர்வு வெளியே இழுத்துவிடுகிறது.

வேகம் கூடினால் மூச்சின் வழி அடைபட்டுவிடும். ஒரு மண்டலத்துக்குள் இலட்சம் முடிக்க வேண்டும் என்று பறக்கிற சிலரைக் கண்டிருக்கிறேன். அவர்களுடைய பக்தியில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு மூச்சில் ஏழெட்டு மந்திரத்தை அடுக்கினால் நெஞ்சு மேலோட்டமாக ஏறி இறங்குமே தவிர, பத்து விநாடித் தாளம் அமையாது.

இப்போது விரல்களுக்கு வருவோம். முதுகில் இரண்டு முனைகளை நான்கு சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்தால்தான் அவை இரண்டு என்று தெரியும். விரல் நுனியில் இரண்டு, மூன்று மில்லிமீட்டரே போதும். அங்கே தொடு உணரிகள் அவ்வளவு நெருக்கமாக அமைந்திருக்கின்றன. ஆனால் மாறாத தொடுதலை அவை விரைவில் மறந்துவிடும். விரலில் கிடக்கும் மோதிரம் நினைவுக்கு வருவதில்லை. ஜெபமாலையில் சில விநாடிக்கு ஒருமுறை புதிய மணி வருகிறது. ருத்திராட்சத்தின் பள்ளங்களும் முகடுகளும் ஒவ்வொரு மணியையும் சற்று வேறுபடுத்துகின்றன. கைப்பேசிச் செயலியில் எண்ணிப் பார்த்திருக்கிறேன். கண்ணாடித் திரைக்கு எல்லாத் தொடுதலும் ஒன்றுதான். மூன்றாவது நாளே மாலைக்குத் திரும்பிவிட்டேன்.

அந்தப் பள்ளங்கள் எப்படி வருகின்றன என்பதும் அழகான செய்தி. ருத்திராட்சம் ஒரு பழத்தின் உள்ளே இருக்கும் கெட்டியான கொட்டை. மேலே நாம் ‘முகம்’ என்று எண்ணும் ஒவ்வொரு பிரிவும் உள்ளே ஒரு விதையறை. ஐந்து அறைகள் உள்ளவையே மிகுதியாக விளைவதால் ஐந்துமுகம் மலிவாகக் கிடைக்கிறது. பழத்தின் தோல் பளிச்சென்ற நீலம். அந்தத் தோலில் நீலச் சாயமே கிடையாது. செல்களில் உள்ள மெல்லிய அடுக்குகள் ஒளியைப் பிரதிபலித்து மயில் தோகையைப் போல நிறம் காட்டுகின்றன என்று தாவரவியலாளர் டேவிட் லீ 1991இல் நேச்சர் இதழில் எழுதினார். மணியில் மின்காந்த ஆற்றல் இருக்கிறது, இரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்று கடைகளில் சொல்லப்படுவதற்கு நம்பத்தகுந்த சான்று எதுவும் இல்லை. நீரில் மூழ்குவது அசல், மிதப்பது போலி என்ற சோதனையும் மணியின் அடர்த்தியைத்தான் சொல்லும். துளசி மணியோ ஸ்படிகமோ, விரலுக்குப் பிடிபடுமானால் போதும்.

மணிகளுக்கு இடையே முடிச்சுப் போட்டுக் கோத்த மாலையை வாங்குவது நல்லது. முடிச்சு இல்லாத மாலையில் மணிகள் ஒன்றோடொன்று நெருங்கி, விரல் இரண்டை ஒன்றாக இழுத்துவிடும். மாலையின் தலையில் மேரு என்னும் பெரிய மணி இருக்கும். அதைத் தாண்டக் கூடாது என்பது மரபு. பழகிய கை தானாக உருட்டிக்கொண்டே போகும்போது, மனம் ஜார்ஜ் டவுன் சந்தைவரை போயிருக்கலாம். அந்த நேரத்தில் விரலுக்கு ஒரு மாறுபட்ட கனமும் பருமனும் தட்டுப்படுகின்றன. எதிர்பாராத எதையும் மூளை உடனே கவனிக்கும். மேலும், மேருவில் நின்று மாலையைத் திருப்புவது பழகிய இழுப்பிலிருந்து வேறான அசைவு என்பதால், கை அதைக் கவனமில்லாமல் செய்ய முடியாது.

பாட்டி மேருவைத் தொட்டதும் ஒரு மூச்சு நிறுத்துவார். மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, விரல்மேலேயே அதைத் திருப்பி, கடைசியாக உருட்டிய மணியையே முதல் மணியாகப் பிடித்து, அடுத்த ஒன்பது நிமிடத்தைத் தொடங்குவார்.