வடக்கே கிளம்பி, திரும்பாமலே தெற்கே இறங்கும் வழி

உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும் மெர்கேட்டர் முறையில் வரைந்த உலக வரைபடத்தில், நார்வேக்கு மேலே ஸ்வால்பார்டு தீவுகள் இருக்கும். அலாஸ்காவின் வடமுனையில் இருக்கும் உட்கியாக்விக் (2016 வரை பாரோ) இடது ஓரத்தில் கிடக்கும். இடையில் கிரீன்லாந்தும் கனடாவும் அகலமாக விரிந்திருக்கும். ஸ்வால்பார்டின் லாங்யியர்பியன் விமான நிலையத்திலிருந்து உட்கியாக்விக்குக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே பறந்தால் சுமார் 5,000 கி.மீ. உண்மையில் 3,380 கி.மீ. போதும்.

இதை நம்ப, வீட்டில் உள்ள உலக உருண்டையை எடுங்கள். ஒரு நூலின் நுனியை ஸ்வால்பார்டில் விரலால் அழுத்திப் பிடித்து, மறுநுனியை அலாஸ்கா வரை இறுக்கி இழுங்கள். நூல் கனடாப் பக்கமே போகாது. வழுக்கிக்கொண்டு வட துருவத்தின் பக்கத்தில் போய் நிற்கும். இதுதான் பெருவட்டப் பாதை, உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி.

பூமத்திய ரேகையில் ஒரு டிகிரி தீர்க்கரேகைக்கும் அடுத்த டிகிரிக்கும் இடைவெளி 111 கி.மீ. லாங்யியர்பியன் 78 டிகிரிக்கும் வடக்கே இருப்பதால், அங்கே அது வெறும் 23 கி.மீ. துருவத்தில் எல்லாம் ஒரே புள்ளியில் கூடிவிடும். வரைபடமோ எல்லா ரேகைகளையும் ஒரே இடைவெளியில் நிறுத்திவிடுகிறது. அதனால்தான் வடக்கே போகப் போக நிலம் ஊதிப் பெருத்துத் தெரிகிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது திசை மாறும் விதம். விமானம் கிட்டத்தட்ட நேர் வடக்கே பார்த்துக் கிளம்பும். துருவத்துக்குச் சுமார் 110 கி.மீ. பக்கத்தில் கடக்கும். அப்புறம் எந்தப் பக்கமும் திரும்பாமலே தெற்கே போய்க்கொண்டிருக்கும்!

சரி, எவ்வளவு நேரம்? இந்த இரண்டு ஊருக்கும் நேரடிப் பயணிகள் சேவை கிடையாது. கணக்கு மட்டும் போடலாம். ஜெட் விமானம் மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் போனால் 4 மணி நேரம். ஓடுபாதைக்கு உருண்டு போவதற்கும், ஏறி இறங்குவதற்கும் இன்னொரு அரை மணி சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் 10 மணி நேர வித்தியாசம். மதியம் 12 மணிக்கு ஏறுகிறவர், அதே நாள் காலை 6:30 மணிக்குப் போய் இறங்குவார்.

இந்த வழியில் இருக்கும் ஆர்க்டிக் கடலை எதிர்த்திசையில் முதலில் விமானத்தில் தாண்டியவர்கள் ஆய்வுப் பயணி ஹூபர்ட் வில்கின்ஸும் விமானி கார்ல் பென் ஐல்சனும். 1928 ஏப்ரலில், ஒற்றை எஞ்சின் லாக்ஹீட் வேகா விமானத்தில் பாரோ முனையிலிருந்து கிளம்பி, சுமார் 20 மணி நேரத்தில் ஸ்வால்பார்டை எட்டினார்கள். அங்கே பனிப்புயல். ஆளில்லாத ஒரு தீவில் எப்படியோ இறங்கி, அது ஓயும்வரை விமானத்துக்குள்ளேயே 5 நாள் காத்திருந்தார்கள்.