இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது விஷயம்

அமைச்சர் பதவி இல்லாத, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு எம்.பி.யால் நாடாளுமன்றத்தில் என்னதான் செய்ய முடியும்? கேள்வி கேட்க முடியும். அது சின்ன விஷயமில்லை.

மக்களவையில் காலை 11 முதல் 12 வரை கேள்வி நேரம். குறைந்தது 15 நாட்கள் முன்பே கேள்வியை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நிறைய கேள்விகள் வந்து குவிவதால் குலுக்கல் போடுகிறார்கள். அதில் ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்குத்தான் நட்சத்திரக் குறி கிடைக்கும். அதற்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். குறி கிடைக்காத 230 வரையிலான கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். உள்ளூர் விவகாரத்துக்குப் பல நேரம் இதுவே போதும். ஊர் ரயில்வே மேம்பாலம் பாதியில் நிற்கிறதென்றால், எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவானது, யாரால் தாமதம் என்று கேட்டு வாங்கும் பதில் சபைப் பதிவில் ஏறிவிடும். தெரிந்தே தவறான தகவல் கொடுத்தால் அது உரிமை மீறல், அதாவது அவையின் உரிமையை மீறிய குற்றம்.

சரி, நட்சத்திரக் குறிக்கு ஏன் இத்தனை போட்டி? துணைக் கேள்விக்காக. முதல் பதிலை அதிகாரிகள் பார்த்துப் பார்த்து எழுதியிருப்பார்கள், அதை அமைச்சர் அவையில் வைத்துவிடுவார்; அப்புறம் உறுப்பினர் எழுந்து கேட்பது என்னவாக இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

1957இல் எல்.ஐ.சி. பணம் ஏறத்தாழ 1.24 கோடி ரூபாய் ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில் முதலீடாகப் போனது வெளியே வந்த கதையும் கேள்வியில்தான் தொடங்கியது. ராம் சுபக் சிங் என்ற எம்.பி. கேட்டார், பதில் மழுப்பலாக வந்தது, விடாமல் மறுபடி கேட்டார்கள். டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி விவரங்களை அடுக்கிப் பேசினார். இருவரும் ஆளுங்கட்சிக்காரர்கள், பெரோஸ் பிரதமர் நேருவின் மருமகன் வேறு! நீதிபதி சாக்ளா தலைமையிலான விசாரணை ஆணையம் பகிரங்கமாக விசாரித்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். சொந்தக் கட்சி அமைச்சரையே கேட்ட அந்தத் துணிச்சல்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. "பரிசீலிக்கிறோம்" என்று அமைச்சர் சொன்னால், அது பல நேரம் வாக்குறுதியாகப் பதிவாகும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஏன் என்று கேட்கத் தனிக் குழுவே இருக்கிறது. மக்களவை இணையதளத்தில் உங்கள் எம்.பி. பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள், அவர் கேட்டதும் வந்த பதிலும் தேதியோடு கிடைக்கும்.