அத்தையின் நினைவில் கைலி ஏன் நிறம் மாறியது?

பர்மாவின் தட்டோன் ஊரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "கொரியத் தொடரில் அவள் பிரிந்து போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அவனுக்கு இன்னும் அதே பனி, அதே பெஞ்சு, அவள் கழுத்தில் அதே சிவப்புத் துணி. நிஜத்திலும் நினைவு இப்படி அப்படியே இருக்குமா அக்கா?"

நினைவு இருக்கும். அப்படியே இருக்காது. ஒருமுறை எடுத்த காட்சியைத் தொடரில் எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம், மூளை அப்படிப் போட்டுக் காட்டுவதில்லை.

எங்கள் ரங்கூன் வீட்டு அத்தைக்குப் பேசி வைத்திருந்தவர், கடைகளை அரசு எடுத்துக்கொண்டு நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாக மதராசுக்குக் கப்பலேறிய 1964இல் போனவர்தான், அப்புறம் கடிதம்கூட இல்லை. நான் சின்னப் பெண்ணாக இருக்கும்போது முகத்தில் பூசிக்கொள்ளும் 'தனக்கா' மரக்கட்டையைக் கல்லில் உரசிக்கொண்டே அத்தை சொல்வார், துறைமுகத்தில் அவர் பச்சைக் கட்டம் போட்ட கைலியில் நின்றார் என்று. போன மாதம் அதே கதையில் கைலி நீலம், கூடவே மழை. அத்தை பொய் சொல்கிறவர் இல்லை.

நரம்புச் செல்களுக்கு இடையிலான இணைப்பு வலுப்பட்டால் நினைவு தங்கும், அதற்குப் புதுப் புரதம் வேண்டும், இது பள்ளியில் படித்ததுதான். ஒருமுறை இறுகினால் இறுகியதுதான் என்றே ரொம்ப காலம் பலரும் நம்பினார்கள். 2000இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கரீம் நாதர், கிளென் ஷேஃப், ஜோசப் லெடூ மூவரும் செய்த எலிச் சோதனை அந்த நம்பிக்கையை ஆட்டிவிட்டது. ஒரு ஒலி, கூடவே லேசான மின் அதிர்ச்சி. அதற்குப் பிறகு ஒலியைக் கேட்டாலே எலி உறைந்து நிற்கும். மறுநாள் ஒலியை மட்டும் கேட்கவிட்டு, உடனே பயத்தைக் கையாளும் அமிக்டலாப் பகுதியில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். அடுத்த நாள் பயம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஒலியைக் கேட்கவிடாமல் மருந்து மட்டும் கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. ஒலி கேட்டு 6 மணி நேரம் கழித்துக் கொடுத்தாலும் பயம் அப்படியே இருந்தது! எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் சிலிர்க்கும். நினைத்த உடனேயே நினைவு இளகுகிறது, சில மணி நேரம் இளகியே கிடக்கிறது, அப்புறம் புதுப் புரதத்தோடு மறுபடி இறுகுகிறது. இளகிய நேரத்தில் பக்கத்தில் இருப்பது எதுவும் உள்ளே கலந்துவிடலாம், இன்றைய மனநிலையோ, யாரோ கேட்ட கேள்வியோ, ஜன்னலுக்கு வெளியே பெய்யும் மழையோ. அத்தை அறுபது வருஷமாக அந்தத் துறைமுகத்தை எத்தனை முறை நினைத்திருப்பார்!

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் அலேன் புரூனேயின் குழு இதைக் காதல் துரோகத்துக்கும் முயன்று பார்த்திருக்கிறது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் புரோப்ரனலால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நடந்ததைத் தானே எழுதி வாசிக்க வேண்டும். நினைவு போகாது, குத்தல் குறைய வேண்டும் என்பதுதான் நோக்கம். மனிதர்களிடம் எல்லாச் சோதனையும் ஒரே மாதிரி பலன் தரவில்லை, அதனால் யாரும் தானாக வாங்கிப் போட வேண்டாம்.

பிரிந்தவரை மறக்க மந்திரித்த கயிறுக்கும், திரும்ப வரவழைக்க வசிய மைக்கும் நம் வீடுகளில் கொட்டும் பணத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. எலிக்கு ஒலி கேட்கவிடுவதெல்லாம் வெட்டி வேலை என்று நிதியை வெட்டுகிறவர்கள் மேலும் எனக்கு அதே கோபம்தான்.

இதையெல்லாம் அத்தையிடம் பொறுமையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "எல்லாம் சரிம்மா, ஆனால் அன்றைக்கு மழை பெய்தது" என்றார்.